பேனர்ல 100 சதவீதம், வகுப்பறையில எத்தனை பேர்?



அனந்தபுரத்துல பஸ் விட்டு இறங்கி நாலடி நடந்து பாருங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே கட்டின பேனருங்க வரிசையா நிக்கும். டை கட்டின ஒரு பையன், லேப்டாப்போட ஒரு பொண்ணு. ரெண்டு பேரையும் பார்த்தா செஞ்சி பக்கமே வந்த மாதிரி தெரியல. பக்கத்துல பத்து பன்னாட்டுக் கம்பெனியோட முத்திரை. நடுவுல எட்டூருக்குத் தெரியிற எழுத்துல "100% வேலைவாய்ப்பு". அதுக்குக் கீழ, வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் படிச்சாத்தான் தெரியிற மாதிரி ஒரு நட்சத்திரக் குறி: நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

என்ன நிபந்தனை? கேட்டா சொல்ல ஆள் இல்லை. போன் நம்பர் மட்டும் இருக்கு. கூப்பிட்டா "சீட்டு நாலுதான் பாக்கி இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க"ன்னு பதில் வருது.

இப்போ செஞ்சி கமிட்டிக்கு நெல் ஏத்திக்கிட்டுப் போற நம்ம விவசாயியை நினைச்சுப் பாருங்க. வியாபாரி மூட்டையைப் பிரிக்கிறான், கையில அள்ளிப் பார்க்கிறான், ஈரப்பதம் பார்க்கிறான், கருக்கா எவ்வளவு, கல்லு எவ்வளவுன்னு பார்க்கிறான், அதுக்கப்புறம்தான் விலை போடுறான். "என் நெல்லு முதல் தரம்"னு விவசாயி ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தா நம்பிக்குவானா? சிரிப்பான்.

அதே விவசாயி அந்த நெல்லு வித்த காசைக் கொண்டுபோய் மகளுக்காக ஒரு கல்லூரியில கட்டும்போது என்ன நடக்குது? கல்லூரி தன்னைப் பத்தி தானே எழுதிக் கொடுத்த பேப்பரை பல்கலைக்கழகம் நம்புது, ஏ.ஐ.சி.டி.இ. நம்புது, அரசு நம்புது. கடைசியா அந்த அப்பாவும் நம்பித்தான் ஆகணும். மூட்டையைப் பிரிச்சுப் பார்க்க ஒருத்தரும் இல்லை. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படிங்க. வீட்டுல பிளஸ் டூ முடிச்ச பிள்ளை இருந்தா கட்டாயம் படிங்க.

ஒரே ஆள், பத்து கல்லூரி

2024 ஜூலை. அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டாங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைப்பு பெற்ற பொறியியல் கல்லூரிகள்ல 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட கல்லூரியில முழு நேரமா வேலை பார்க்கிறதா கணக்கு காட்டியிருக்காங்க, 224 கல்லூரிகள் இதுல இருக்குன்னு அந்தப் பட்டியல் சொல்லுச்சு. முழு நேரம்னா முழு நேரம். காலையில இங்க, சாயந்திரம் அங்கன்னு கூட இல்லை. ஒரே ஆள், ஒரே நேரத்துல, பல மாவட்டங்கள்ல!

இதைக் கண்டுபிடிக்க ரகசியக் கேமரா எதுவும் வைக்கல. பல்கலைக்கழகத்தோட இணையதளத்துலேயே இருந்த பட்டியல்களை எடுத்து, பெயருக்குப் பெயர் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அவ்வளவுதான். வெளியில இருக்கிற ஒரு இயக்கம் உட்கார்ந்து பார்த்தா தெரியிற விஷயம், வருஷா வருஷம் ஆய்வுக் குழு அனுப்பி அங்கீகாரம் கொடுக்கிற பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தெரியலையாம்.

அப்புறம் என்ன ஆச்சு? அப்போ துணைவேந்தரா இருந்த வேல்ராஜ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்ன கணக்கு அறப்போர் சொன்னதை விட மோசம். மொத்தம் சுமார் 52,500 ஆசிரியர் இடங்கள். அதுல ஏறக்குறைய 2,000 இடங்கள்ல 189 பேர்தான் திரும்பத் திரும்ப வர்றாங்க. வேற வேற ஆதார் எண்ணைக் கொடுத்து இந்த வேலையைப் பண்ணியிருக்காங்கன்னும் சொன்னார்.

நம்மளே கணக்குப் போடுவோம். 2,000 நாற்காலி, உட்கார 189 பேர். சராசரியா ஒரு ஆளுக்குப் பத்து கல்லூரிக்கு மேல. மிச்சம் 1,800க்கும் மேற்பட்ட நாற்காலி காலி. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர். அப்படின்னா சுமார் 36,000 பிள்ளைங்களுக்கு இருக்க வேண்டிய ஆசிரியர்கள் பேப்பர்ல மட்டும்தான் இருந்திருக்காங்க. செஞ்சி, திண்டிவனம் ரெண்டு ஊர் கல்லூரிப் பிள்ளைங்களையும் ஒண்ணா நிறுத்தினாலும் இவ்வளவு கூட்டம் வராது.

இந்த இடத்துல ஒண்ணு கவனிங்க. பத்து கல்லூரியில பேரைப் போட்டுக்கிட்ட ஆளைத் திட்டிட்டு நாம போயிடக் கூடாது. அவரு பேரை வாடகைக்கு விட்டார், சரி. வாடகைக்கு எடுத்தது யாரு? "எங்க கிட்ட இத்தனை முனைவர்கள் இருக்காங்க"ன்னு கையேட்டுல அச்சடிச்சது யாரு? அதைப் பார்த்து "நல்ல கல்லூரி போல இருக்கே"ன்னு நம்பி சேர்ந்த மாணவருக்கு, செமஸ்டர் முழுக்க கணக்குப் பாடத்துக்கு ஆளே வராம, போன வருஷம் படிச்சு முடிச்ச ஒரு தம்பியை விட்டுப் பாடம் நடத்தினது யாரு?

அந்தப் பிள்ளைங்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு யாராவது பேசினாங்களா? நோட்டீஸ் போச்சு, விசாரணை வந்தது, தடை வந்ததுன்னு செய்தி ஓடுச்சு. எல்லாமே கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல நடந்த பேச்சு. ஏமாந்த மாணவர் அந்தப் பேச்சுல எங்கேயும் இல்லை.

நம்ம மாவட்டம் மறக்கக் கூடாத ஒரு ஜனவரி

2016 ஜனவரி 23. கள்ளக்குறிச்சி அப்போ நம்ம விழுப்புரம் மாவட்டம்தான், 2019ல தான் தனியாப் பிரிஞ்சது. சின்னசேலம் பக்கத்துல பங்காரத்துல இருந்த எஸ்.வி.எஸ். யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி. அங்க படிச்ச மூணு மாணவிகளைக் கிணத்துல இருந்து சடலமாத்தான் எடுத்தாங்க. அவங்க எழுதினதா கிடைச்ச கடிதத்துல, அளவுக்கு மீறிக் கட்டணம் வாங்குறாங்க, ஒழுங்கா வகுப்பு நடக்கலைங்கிற குமுறல் இருந்தது. பெத்தவங்களுக்கு அந்தச் சாவுலேயே சந்தேகம் இருந்தது.

அந்தப் பிள்ளைங்க பேரை இங்க எழுதப் போறதில்லை. அவங்க குடும்பத்தை மறுபடி மறுபடி தெருவுக்கு இழுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லியே ஆகணும். அந்தக் கல்லூரி மாணவர்கள் சும்மா இருந்துட்டு திடீர்னு ஒருநாள் உடைஞ்சு போகல. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தாங்க, மனு கொடுத்தாங்க, போராடினாங்க. எங்களுக்கு ஆசிரியர் இல்லை, வசதி இல்லை, சொன்னது ஒண்ணு இருக்கிறது ஒண்ணுன்னு கதறினாங்க. கேட்கிற இடத்துல இருந்தவங்க கேட்கல. மூணு உயிர் போன பிறகுதான் அதிகாரிங்க ஓடி வந்தாங்க, கைது நடந்தது, கல்லூரிக்குச் சீல் வைச்சாங்க.

அந்தக் கல்லூரி அங்கீகாரம் இல்லாத டுபாக்கூர் கல்லூரின்னு நினைச்சுடாதீங்க. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு இருந்த கல்லூரி. கையேட்டுல அந்தப் பேரு இருந்தா பெத்தவங்க நம்பாம என்ன செய்வாங்க? பல்கலைக்கழகம் தன் பேரைக் கொடுக்குதுன்னா, "நாங்க போய்ப் பார்த்தோம், எல்லாம் சரியா இருக்கு"ன்னு பெத்தவங்க கிட்ட சொல்றதா தானே அர்த்தம்? பார்க்காமலே சொன்னா, பொய் சொன்னது கல்லூரி மட்டுமா?

2016ல அ.தி.மு.க. ஆட்சி. 2024ல தி.மு.க. ஆட்சி. ரெண்டு தடவையும் கோட்டையில இருந்தவங்க சொன்ன பதில் ஒண்ணேதான்: விசாரிக்கிறோம்.

வார்த்தை விளையாட்டு

பச்சைப் பொய்யை விட ஆபத்தானது பாதி உண்மை. அதை எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க.

முதல்ல அந்த "100%". நூறு பேர் படிச்சு முடிக்கிறாங்கன்னு வைங்க. அரியர் இருக்கிறவங்களைக் கழிச்சுடுவாங்க. மேல்படிப்பு போறோம்னு சொன்னவங்களைக் கழிச்சுடுவாங்க. வேலைவாய்ப்புப் பிரிவுல பேர் பதியாதவங்களைக் கழிச்சுடுவாங்க. மிச்சம் நாற்பது பேர். அந்த நாற்பதுல ஒரே பொண்ணுக்கு மூணு கம்பெனியில கிடைச்சா மூணுன்னு எண்ணுவாங்க. நாற்பது ஆர்டர் ஆயிடுச்சா? 100 சதவீதம்! கால் சென்டர் வேலையும் அதுல இருக்கும், ரெண்டு வருஷம் ஆகியும் கூப்பிடாத கம்பெனியோட ஆர்டரும் இருக்கும். பேனர்ல போடுற "அதிகபட்சச் சம்பளம்" ஒரே ஒரு பிள்ளைக்கு என்னைக்கோ கிடைச்சது. நடுவுல இருக்கிற பிள்ளைக்கு என்ன சம்பளம்னு எந்தப் பேனராவது சொல்லியிருக்கா?

அடுத்து அங்கீகாரம். என்.பி.ஏ. அங்கீகாரம் ஒரு கல்லூரிக்கு மொத்தமாக் கிடைக்கிறது இல்லை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியா, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கும். மெக்கானிக்கலுக்கு மட்டும் வாங்கிட்டு, வாசல் வளைவுல பெருசா எழுதி வைச்சா, கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வர்ற பிள்ளை என்ன நினைக்கும்? தனியார் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டுக் கட்டணமே அந்த அங்கீகாரம் இருந்தா ஒரு மாதிரி, இல்லாட்டா ஒரு மாதிரி. ஆக, அந்த எழுத்துக்கு நேரடியாப் பணம் இருக்கு. ஐ.எஸ்.ஓ. சான்றிதழை இன்னும் சில பேர் மாலை போட்டு மாட்டி வைச்சிருக்காங்க. அலுவலக நடைமுறை ஒழுங்கா இருக்குன்னு கொடுக்கிற சான்று அது. வகுப்புல பாடம் நடக்குதான்னு அது சொல்லாது.

அப்புறம் "பல்கலைக்கழகம்"ங்கிற சொல். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உருவாக்கினது பல்கலைக்கழகம். யு.ஜி.சி. சட்டத்தோட 3வது பிரிவுல அந்தஸ்து வாங்கினது நிகர்நிலை. ரெண்டும் பட்டம் கொடுக்கலாம், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. 2017 நவம்பர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, நாடு முழுக்க 123 நிகர்நிலை நிறுவனங்களைப் பார்த்து, உங்க பேர்ல "பல்கலைக்கழகம்"னு வெறுமனே போடாதீங்கன்னு யு.ஜி.சி. சொல்லுச்சு. இப்போ எப்படிப் போடுறாங்க? பேரு யானை சைஸ், "நிகர்நிலை" எறும்பு சைஸ்.

அதே தீர்ப்புலதான் இன்னொண்ணும் நடந்தது. நாலு நிகர்நிலை நிறுவனங்கள் அனுமதி இல்லாம அஞ்சல் வழியில கொடுத்த பொறியியல் பட்டங்கள் மேல கோர்ட் கை வைச்சது. அதுல ஒண்ணு சேலத்துல இருக்கிற விநாயகா மிஷன்ஸ். 2005க்குப் பிறகு சேர்ந்தவங்களோட பட்டம் ரத்து. அதுக்கு முன்னாடி சேர்ந்தவங்க மறுபடி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாத்தான் பட்டம் செல்லும். வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்த பிறகு, "உன் பட்டம் செல்லாது"ன்னு ஒரு செய்தி. அவங்க சேர்ந்தப்போ யாராவது சொன்னாங்களா இதுக்கு அனுமதி இல்லைன்னு?

நம்ம பக்கத்துல சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அரசு எடுத்து நடத்துற பல்கலைக்கழகம். 2022 மார்ச்ல யு.ஜி.சி. பொது அறிவிப்பு விட்டுச்சு: அண்ணாமலையோட தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைக்கும்தான் அனுமதி இருந்தது, சேராதீங்கன்னு. பல்கலைக்கழகம் தன் பக்க நியாயத்தைச் சொல்லி வழக்காடினது தனிக் கதை. நம்ம கேள்வி எளிமையானது. நடுவுல இத்தனை வருஷம் பணம் கட்டிச் சேர்ந்தவங்களுக்கு, விண்ணப்பப் படிவத்தோட முதல் பக்கத்துல "இந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி விஷயத்துல தகராறு இருக்கு"ன்னு ஒரு வரி போட்டாங்களா? தனியாரைத் திட்டுற வாயால அரசையும் கேட்கணும் இல்ல?

விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்ததையும் சொல்லிடலாம். 2021 பிப்ரவரியில அ.தி.மு.க. அரசு விழுப்புரத்துல ஜெயலலிதா பேர்ல புதுப் பல்கலைக்கழகம்னு சட்டம் போட்டுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல தி.மு.க. அரசு அதை அண்ணாமலையோட இணைக்கச் சட்டம் போட்டுச்சு. வேலூர் திருவள்ளுவர், விழுப்புரம் ஜெயலலிதா, சிதம்பரம் அண்ணாமலைன்னு ஒரே வருஷத்துக்குள்ள நம்ம ஊர் கல்லூரிகளோட போர்டுல பேர் மாறிக்கிட்டே இருந்தது. பிள்ளைங்க எந்தப் பல்கலைக்கழகத்துல படிக்கிறோம்னு கேட்டா, ஆட்சியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை! நமக்குன்னு ஒரு பல்கலைக்கழகம் வேணும்கிறது இந்த மாவட்டத்தோட ஆசை. அதை வைச்சு ரெண்டு பேரும் போர்டு மாத்தி விளையாடினாங்க.

தண்டனை: ஆயிரம் ரூபாய்

பாண்டிச்சேரி நமக்குப் பக்கம்தான். திலாஸ்பேட்டை, வழுதாவூர் ரோடு. அங்க இருக்கிறதா ஸ்ரீ போதி அகாடமி ஆஃப் ஹையர் எஜுகேஷன்னு ஒரு பேரு, யு.ஜி.சி. வெளியிடுற போலிப் பல்கலைக்கழகப் பட்டியல்ல வருஷக்கணக்கா இருக்கு. 2023 ஆகஸ்ட்ல வந்த பட்டியல்ல நாடு முழுக்க 20 பேர். அதுல 8 தலைநகர் டெல்லியிலேயே. யு.ஜி.சி. ஆபீஸ் இருக்கிற ஊர்லேயே!

சரி, போலிப் பல்கலைக்கழகம் நடத்தினா யு.ஜி.சி. சட்டப்படி என்ன தண்டனை தெரியுமா? 1956ல போட்ட சட்டம், 24வது பிரிவு: ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம்.

ஆயிரம் ரூபாய், சொந்தங்களே. ஹெல்மெட் போடாம அனந்தபுரத்துல இருந்து செஞ்சி போனாலும் அதே ஆயிரம்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைங்க வாழ்க்கையும் ஒரு ஹெல்மெட்டும் ஒரே விலை. 1956ல ஆயிரம் பெரிய காசு, ஒத்துக்கிறோம். எத்தனை பிரதமர் வந்து போயிட்டாங்க, அந்த ஒரு எண்ணை மாத்த நேரம் கிடைக்கலையா? மோசடின்னு போலீஸ் வேற பிரிவுல கேஸ் போடலாமே என்பாங்க. போடலாம். ஏமாந்தவன் வக்கீல் வைச்சு, வருஷக்கணக்கா அலைஞ்சா.

நுகர்வோர் கோர்ட் இருக்கேன்னு கேட்பீங்க. அதையும் ஒரு கூட்டம் மாணவர்கள் முயற்சி பண்ணிப் பார்த்துட்டாங்க. கொஞ்சம் வெளிநாட்டுல, மிச்சம் இங்கன்னு சொல்லி நடத்தின மருத்துவப் படிப்புல சேர்ந்து ஏமாந்துட்டோம்னு விநாயகா மிஷன் மேல வழக்கு. 2020 ஜனவரியில தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு சொல்லிடுச்சு. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே வருஷம் ஏத்துக்கிச்சு. சோப்பு வாங்கி ஏமாந்தா கோர்ட் உண்டு. நாலு வருஷப் படிப்பு வாங்கி ஏமாந்தா அதுக்கு எந்தக் கோர்ட்டுன்னு தீர்மானிக்கவே பிள்ளைங்க உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கு.

தர மதிப்பீடு பண்ற "நாக்" என்ன பண்ணுது? 2025 பிப்ரவரியில ஆந்திராவுல குண்டூர் பக்கம் ஒரு கல்வி நிறுவனத்துக்கு ஏ++ தரம் கொடுக்க லஞ்சம்னு சி.பி.ஐ. கேஸ் போட்டுச்சு. பார்க்கப் போன ஆய்வுக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், நிறுவனத் தரப்புன்னு 10 பேர் கைது. ரொக்கம், லேப்டாப், செல்போன் எல்லாம் பிடிபட்டுச்சுன்னு சி.பி.ஐ.யே சொல்லுச்சு. குற்றம் நிரூபணம் ஆகுதா இல்லையான்னு கோர்ட் சொல்லட்டும். ஆனா டெல்லியில உட்கார்ந்து "உலக குரு"ன்னு பேசுறவங்க, தங்களோட மேற்பார்வையில இருக்கிற அமைப்புல தரச் சான்றுக்கு விலை பேசப்பட்டதுன்னு தங்களோட சி.பி.ஐ.யே சொல்ற நிலைமைக்குப் பதில் சொல்லணுமா வேண்டாமா?

மத்த நாட்டுல என்ன பண்றாங்க? அமெரிக்காவுல டெம்பிள் பல்கலைக்கழகம். அதோட வணிகவியல் பள்ளி டீன், தரவரிசையில மேல வர்றதுக்காகப் பொய்யான புள்ளிவிவரம் அனுப்பினார். 2022ல அவருக்கு 14 மாசம் ஜெயில், ரெண்டரை லட்சம் டாலர் அபராதம். கொலம்பியா பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிய பேரு! அங்க வேலை பார்த்த ஒரு கணிதப் பேராசிரியரே, நம்ம பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் தப்புன்னு எழுதினார். சரி பார்த்தாங்க, சில எண்கள் தப்புன்னு பல்கலைக்கழகமே ஒத்துக்கிச்சு, 2வது இடத்துல இருந்து 18வது இடத்துக்கு இறங்குச்சு. அமெரிக்கா ஒண்ணும் புண்ணிய பூமி இல்லை. டிரம்ப் தன் பேர்ல "பல்கலைக்கழகம்"னு வெறும் வகுப்பு நடத்தி, கடைசியில வழக்குகளை முடிக்க 2.5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதிச்ச நாடுதான் அது. ஆனா அங்க கூட ஏமாந்தவங்க கைக்குப் பணம் திரும்புச்சு. இங்க?

நம்ம நாட்டுத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.லயும் முக்கால்வாசி எண்ணை நிறுவனமே எழுதிக் கொடுக்குது. சரி பார்க்காத எண்ணை வைச்சு ரேங்க் போடலாமான்னு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்குப் போச்சு. 2025 மார்ச்ல இடைக்காலத் தடையும் வந்து, அப்புறம் செப்டம்பர்ல பட்டியல் வந்தது. மறுபடியும் அதே நெல்லு மூட்டைக் கதைதான்.

"தனியார் இல்லாட்டா பிள்ளைங்க எங்க படிக்கும்?"

இந்தக் கேள்வி கமெண்ட்ல வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. திண்டிவனம் மேல்பாக்கத்துலயும் விழுப்புரம் காகுப்பத்துலயும் அண்ணா பல்கலைக்கழகத்தோட உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. அரசு கலைக் கல்லூரிகள் இருக்கு. ஆனா எல்லாப் பிள்ளைக்கும் அங்க இடம் பத்தாது. அங்கேயும் நிரந்தர ஆசிரியரைப் போடாம கௌரவ விரிவுரையாளர்களை வைச்சே வருஷத்தை ஓட்டுறாங்க, அதையும் பல தடவை எழுதியிருக்கோம். தனியார் கல்லூரிகளை இழுத்து மூடணும்னு நாம சொல்லல.

சொல்றது இதுதான். உண்மையா ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஆய்வகம் வைச்சு, கஷ்டப்பட்டு நடத்துற கல்லூரி இந்த மாவட்டத்துலேயே இருக்கு. அவங்க நேர்மையா "போன வருஷம் எங்க பிள்ளைங்கள்ல 100க்கு 55 பேருக்கு வேலை கிடைச்சது"ன்னு பேனர் வைச்சா என்ன ஆகும்? பக்கத்துல "100%"னு இருக்கிற பேனரைப் பார்த்துட்டு அப்பா அங்க போயிடுவார். பொய்யனுக்குத் தண்டனை இல்லாத இடத்துல, உண்மை பேசுறவனுக்கு நஷ்டம் வருது. அவங்களுக்காகவும்தான் இதை எழுதுறோம்.

எங்க தெருவுல ஒரு அக்கா. ஊர்ல இருந்த ஒரு ஏஜென்ட் பேச்சை நம்பி மகளைத் தூரத்துல ஒரு கல்லூரியில சேர்த்தாங்க. ஏஜென்ட்டுக்கு ஒரு சீட்டுக்கு இவ்வளவுன்னு கமிஷன், அது பின்னாடிதான் தெரிஞ்சது. ஹாஸ்டல், பஸ், "ட்ரெயினிங்" கட்டணம் எல்லாம் சேர்ந்த பிறகு ஒவ்வொண்ணா முளைச்சது. ரெண்டாவது மாசமே பொண்ணு "வகுப்பே நடக்கல, வேற இடத்துக்குப் போறேன்"னு அழுதா. டி.சி.யும் மார்க்ஷீட்டும் கேட்டா, நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிட்டு வாங்கிக்கோன்னு சொன்னாங்க. அக்கா கம்மலை அடகு வைச்சுத்தான் முதல் வருஷமே கட்டினாங்க. அந்தப் பொண்ணு அதே கல்லூரியிலேயே முடிச்சுட்டு இப்போ திண்டிவனத்துல ஒரு துணிக்கடையில பில் போடுது. வேலையைக் கேவலமாச் சொல்லல. அதுக்கு ஒரு பொறியியல் பட்டமும் கடனும் தேவையான்னுதான் கேட்கிறோம். அந்த அக்காவுக்கு அன்னைக்கு யாரும் சொல்லல: அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடிச்சு வைச்சுக்கக் கூடாதுன்னு 2018லேயே யு.ஜி.சி. அறிவிப்பு இருக்கு. எங்களுக்கும் அப்போ தெரியாது.

நம் கட்சி கேட்கிறது

கல்லூரி சேர்க்கைக்கு வெளியிடுற ஒவ்வொரு எண்ணும், அது ஆசிரியர் எண்ணிக்கையோ வேலைவாய்ப்போ அங்கீகாரமோ எதுவா இருந்தாலும், உறுதிமொழிப் பத்திரமாத் தாக்கல் ஆகணும். பொய்னு தெரிஞ்சா தாளாளர் பதில் சொல்லணும், கையெழுத்துப் போட்ட முதல்வரை மட்டும் பலி கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழக ஆய்வுக் குழு போன தேதி, போனவங்க பேரு, அவங்க எழுதின அறிக்கை எல்லாம் கவுன்சிலிங் தொடங்குறதுக்கு முன்னாடி இணையதளத்துல தமிழ்ல வரணும். ஆசிரியர் இல்லாத பாடப்பிரிவுல சேர்ந்த பிள்ளைக்குக் கட்டணம் வட்டியோட திரும்பணும், வேற கல்லூரியில இடமும் கிடைக்கணும். இதுல எதுக்கும் டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, மாநில அரசு நினைச்சா இந்தச் சேர்க்கைக்கே செய்யலாம். டெல்லி செய்ய வேண்டியது அந்த ஆயிரம் ரூபாயை மாத்துறது.

"பெத்தவங்க விழிப்புணர்வோட இருக்கணும்"னு அமைச்சருங்க பேட்டி கொடுக்கிறதை மட்டும் இனிமே நிறுத்துங்க. கடலைக்கொல்லையில களை எடுத்துட்டு வர்ற அம்மா, ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்துல ஆசிரியர் பட்டியலை இறக்கி ஆதார் எண்ணை ஒப்பிடணுமா? அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம், கார், சைரன்?

அவங்க செய்யிற வரைக்கும் நாம செய்ய வேண்டியதைச் செய்வோம். கவுன்சிலிங் போற தம்பி தங்கைங்களே, கல்லூரிப் பேரைப் பார்க்காதீங்க, கவுன்சிலிங் கோட் நம்பரைப் பாருங்க. ஒரே மாதிரி பேர்ல நாலு கல்லூரி இருக்கும். அண்ணா பல்கலைக்கழகமே ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரி வாரியாத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுது, அதை எடுத்துப் பாருங்க. அது கல்லூரி எழுதிக் கொடுத்த எண் இல்லை, பரீட்சைத் தாள் சொன்ன எண். அங்க இப்போ மூணாம் வருஷம் படிக்கிற ஒரு மாணவரை, வாசல்ல இல்ல, பஸ் ஸ்டாப்புல பிடிச்சுக் கேளுங்க. சேர்றதுக்கு முன்னாடி மொத்தக் கட்டணத்தையும் கல்லூரி முத்திரையோட எழுதி வாங்குங்க. தர மாட்டேன்னு சொன்னா வண்டியைத் திருப்புங்க. அசல் சான்றிதழைக் காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கோங்க.

அப்புறம் ஒரு வேலை. உங்க ஊர்ல, அனந்தபுரமோ அவலூர்பேட்டையோ மயிலமோ வளவனூரோ, "100%" பேனர் எங்க இருந்தாலும் ஒரு போட்டோ எடுங்க. அந்த நட்சத்திரக் குறி தெரியிற மாதிரி கிட்டப் போய் எடுங்க. தேதியோட இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க. கல்லூரியைப் பத்தி நீங்களா ஒண்ணும் எழுத வேண்டாம், திட்ட வேண்டாம், படம் மட்டும் போதும். அத்தனையும் சேர்த்து, எந்த நூறு பேரு, அந்த நூறு பேரோட பட்டியல் எங்கன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பல்கலைக்கழகத்தைக் கேட்டு மனு போடப் போறோம். வர்ற பதிலை ஒரு வரி மாத்தாம இதே பக்கத்துல வெளியிடுவோம்.

மாணவர் அணி
விழுப்புரம் மாவட்டம்

#எந்த_நூறு_பேர் #பேனரைப்_படம்_எடு